நிஜரா பைதேவின் பட்டியலில் இல்லாதது

எங்கள் வார்டுக்குள் டாக்டர் வந்தால் நோயாளிகள் எழுந்து உட்காருவார்கள். நிஜரா பைதேவ் வந்தால் தலையணைக்கு அடியில் இருப்பதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்கள். யாரைக் கண்டு பயம் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்!

குவாஹாட்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் சிறுநீரக வார்டில் நான் பதினெட்டு வருஷமாக நர்ஸ். என் பெயர் ஜோனாலி. நிஜரா போர்தோலோய் அதே வார்டின் உணவு நிபுணர். பைதேவ் என்றால் அக்கா. அவரைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டும் 'சோத்து டாக்டர்' என்பார்கள். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"சோறுன்னா அவ்வளவு இளப்பமா? உங்க மாத்திரையை எப்போ போடச் சொல்றீங்க? சாப்பாட்டுக்கு அப்புறம். அந்தச் சாப்பாடு என்னோடது. முதல்ல நான், அப்புறம்தான் நீங்க!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட சின்ன டாக்டர்கள் இரண்டு பேரும் முழித்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. எல்லோரும் நோயாளிக்கு என்ன போகிறது என்று பார்ப்பார்கள். இவர் என்ன திரும்பி வருகிறது என்று பார்ப்பார். மத்தியானம் எச்சில் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வரும்போது வழியை மறித்து நின்றுகொண்டு, ஒவ்வொரு மூடியாகத் திறப்பார். "ஏழாம் நம்பர் சோறு காலி, குழம்பு அப்படியே இருக்கு. வெறும் சோத்தை எப்படி முழுங்கினார்? வா ஜோனாலி, என்னமோ ஒளிச்சு வச்சிருக்கார்" என்பார். போய்ப் பார்த்தால், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஊறுகாய் வைத்திருப்பார்! உப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லி வைத்திருந்த மனுஷர்! பைதேவ் அதைப் பிடுங்கிவிட்டு, "கண்ணாடி எங்கே சார்? அதை எதுல வச்சிருக்கீங்க, ஊறுகாய் பாட்டில்லயா?" என்று கேட்பார்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்காருவோம். பைதேவின் டிபன் பெட்டியில் மேல் தட்டில் எப்போதும் பப்பாளிக்காய்க் கறி இருக்கும். சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரை விட்டு வேக வைத்து, மேலே பச்சைக் கடுகெண்ணெய் விட்டது. எங்கள் ஊரில் மத்தியானச் சோற்றுக்கு முதல் கவளம் அதுதான். "இது இல்லாம எனக்கு ஒரு வாய் இறங்காது" என்பார். எனக்கு மட்டும் இறங்குமா என்ன! இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வழித்துச் சாப்பிடுவோம். இந்தக் கறியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிம்பேஸ்வர் ஹாலோய் எங்களிடம் வந்தது போன வருஷம். நல்பாரியிலிருந்து குவாஹாட்டிக்கு இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மெஷினில் படுத்துக்கொண்டே, "சிஸ்டர், வண்டி எந்த ஸ்டாப்பில நிக்குது?" என்று கேட்பார். அவர் மனைவி நோமொலி, ஒல்லியாக, குரல் வெளியே வராத பெண். அவளுடைய சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த நாளில் அந்தக் குரல் வராத பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு ஆயா ஓடி வந்தாள்!

"எடுத்துக்கச் சொல்லுங்க சிஸ்டர், இன்னைக்கே எடுத்துக்கச் சொல்லுங்க. எனக்கு எதுக்கு ரெண்டு?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

நாள் குறித்தார்கள். முதல் நாளே வந்து சேர்ந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால், பொட்டாசியம் 6.8! ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் டாக்டரைத் தேடி ஓடுவோம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும், முன்னறிவிப்பே இருக்காது. ஈசிஜியில் கோடுகள் கூடாரம் போல நிமிர்ந்து நின்றன. ஊசி போட்டு, அவசரமாக மெஷினில் போட்டு, மனுஷரைக் காப்பாற்றினோம். ஆபரேஷன் ரத்து.

இரண்டாவது முறை நாள் குறித்தார்கள். அதே கதை. 6.9.

வாழைப்பழம், இளநீர், தக்காளி, ஆரஞ்சு, கீரைச்சாறு எல்லாவற்றுக்கும் தடை போட்டுப் பைதேவ் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். உப்பும் கூடாது. ஆபரேஷன் ரத்தான பிறகு வார்டில் ஐந்து நாள் படுத்திருந்தபோது பொட்டாசியம் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்குப் போய் வந்தால் ஏறிவிடுகிறது. அப்படியென்றால் வீட்டில் யாரோ எதையோ கொடுக்கிறார்கள். வீட்டில் சமைப்பது யார்? நோமொலி.

டிம்பேஸ்வரின் அண்ணன் டங்கேஸ்வர் வராந்தாவில் வைத்தே ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவியும் கணவனின் அண்ணனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவரைக் கண்டால் அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவரும் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கத்தினார்.

"சிஸ்டர், அவகிட்ட கேளுங்க! என் தம்பிக்கு ஒளிச்சு ஒளிச்சு என்னத்தைக் குடுக்கறான்னு கேளுங்க! வாழைத்தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கு. பாசம் பொங்குதாக்கும்! கொன்னுட்டுத்தான் விடுவாளான்னு கேளுங்க!"

முக்காட்டுக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது. "நாம்கர் கோயில்ல விளக்கேத்தி சத்தியம் பண்றேன்னு சொல்லுங்க சிஸ்டர். ஒரு பழம்கூடக் குடுக்கல. ஒரு கல்லு உப்புகூடப் போடல."

நான் இரண்டு பக்கமும் தபால்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. சிறுநீரகத்தையே அறுத்துக் கொடுக்க வந்து நிற்பவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குப் பைதேவும் அவளை நம்பவில்லை. நோயாளியின் ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'உணவுக் கட்டுப்பாடு பின்பற்றப்படவில்லை.' கையெழுத்தும் போட்டார். அந்த ஒரு வரி போதும், எங்கள் பெரிய டாக்டர் பர்கட்டகிக்கு.

"நல்லா இருக்கற ஒரு பொம்பளை உடம்பைக் கிழிச்சு, ஒரு கிட்னியை எடுத்து, வாயைக் கட்டத் தெரியாத ஆளுக்கு வைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு மாத்திரையையும் இப்படித்தான் ஏமாத்துவார். கிட்னி வீணாப் போயிடும். மூணாவது தடவையும் பொட்டாசியம் ஏறி வந்தா பேரை எடுத்துடுவேன். அவ்வளவுதான்."

மூன்றாவது முறை ரத்தம் பார்க்க அவர்கள் வர வேண்டியது இருபத்து மூன்றாம் தேதி, மறுநாள் ஆபரேஷன். நடுவில் மூன்றே வாரம்.

மறுநாள் மத்தியானம் பைதேவ் டிபன் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ஜோனாலி, டிம்பேஸ்வர் இங்கே இருந்தப்போ தட்டுல பாதிக்கு மேல திரும்பி வந்துச்சு. மண்ணு மாதிரி இருக்குன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னார். சரிதானே?"

"எல்லாரும் சொல்றதுதானே பைதேவ்."

"ஆனா வீட்ல வழிச்சுச் சாப்பிடறாராம். நோமொலியே சொன்னா, சந்தோஷமா சொன்னா. உப்பில்லாத சோத்தை வழிச்சுச் சாப்பிடற புருஷனை இந்தப் பதினெட்டு வருஷத்துல நீ பார்த்திருக்கியா?"

"அப்போ உப்புப் போடறா."

"போடல! போட்டிருந்தா கால் வீங்கியிருக்கும், பிரஷர் எகிறியிருக்கும். ரெண்டும் கட்டுக்குள்ள இருக்கு. கடையில விக்கற சோடியம் குறைச்ச உப்பு போட்டிருப்பாளோன்னு கேட்டேன், அதுல பொட்டாசியம் உண்டு. அப்படி ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியல. உப்பும் இல்ல, ஆனா ருசி இருக்கு. எங்கேயிருந்து வருது ருசி?" மேஜையைத் தட்டினார். "நான் அவசரப்பட்டு எழுதிட்டேன் ஜோனாலி. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன். நீயும் வரே."

டாக்டர் பர்கட்டகியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "வீடு வீடாப் போய் விருந்து சாப்பிடறதும் உங்க வேலையிலே சேந்ததா பைதேவ்?"

"நீங்க நெஞ்சுல காது வச்சுப் பார்க்கறீங்க சார். நான் அடுப்பில வச்சுப் பார்க்கறேன்" என்றார் அவர்.

நல்பாரி பஸ்ஸில் டிம்பேஸ்வர் பெயரைச் சொன்னதும் கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி எங்களை உட்கார வைத்தார். "எங்க வாத்தியார் எப்போ திரும்பி ஸ்டியரிங் பிடிப்பார்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பைதேவ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தெரியும், அவர் எழுதிய வரி அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

நோமொலியின் சமையலறையைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பைதேவ் கொடுத்த பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அவருக்கென்று தனிப் பானை, தனிக் கரண்டி, தனிக் கிண்ணம். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வைத்திருந்தாள். பைதேவ் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு பிசகு இல்லாமல்! எங்கள் வார்டில் நூறு பேருக்குச் சொன்னால் நான்கு பேர் கூட இதைச் செய்ய மாட்டார்கள்.

பைதேவ் டப்பா டப்பாவாகத் திறந்தார். மஞ்சள், சீரகம், பருப்பு. அலமாரியில் கடுகெண்ணெய் பாட்டில், அதற்குப் பக்கத்தில் காரநீர் பாட்டில். எங்கள் ஊரில் இந்த இரண்டும் இல்லாத வீடு எது? இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. பைதேவ் முகம் சுண்டிப்போயிற்று.

"சாப்பிடலாம் வாங்க. இருக்கறது இதுதான்" என்றாள் நோமொலி, மரியாதைக்கு. டிம்பேஸ்வர், டங்கேஸ்வர், நாங்கள் இரண்டு பேர் என்று வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணன் இருப்பதால் நோமொலி முக்காட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். டிம்பேஸ்வருக்கு அவருடைய தனித் தட்டு. அவர் பருப்பைப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு, ரசித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

பைதேவ் இரண்டு நிமிஷம் அதையே பார்த்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது! விருந்துக்கு வந்த இடத்தில், அடுத்த ஆம்பளையின் எச்சில் தட்டில் கையை விட்டுப் பருப்புச் சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்! டங்கேஸ்வருக்குப் புரையேறிவிட்டது. பைதேவ் யாரையும் பார்க்கவில்லை. மீனைத் தொட்டு நாக்கில் வைத்தார். உருளைக்கிழங்கு மசியலை எடுத்தார்.

"நோமொலி! இது ருசியா இருக்கே!"

"ஆமா பைதேவ்." கதவுக்குப் பின்னாலிருந்து பெருமையான குரல். "உப்பை நிறுத்தினதும் அவர் சாப்பிடவே மாட்டேன்னுட்டார். எலும்பும் தோலுமா ஆயிட்டார். அந்தக் காலத்துல உப்பு கிடைக்காதப்போ ஜனங்க காரநீரை வச்சே சமைச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதான், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கரண்டி விடறேன். உப்புதானே கூடாதுன்னீங்க?"

பைதேவின் கை அந்தரத்தில் நின்றது. "எந்தச் சாம்பல்ல வடிச்சது?"

"கடையில வாங்கறதில்ல பைதேவ். நம்ம தோட்டத்து வாழைதான். தோல், தண்டு எல்லாம் காய வச்சு எரிச்சு, அந்தச் சாம்பல்ல நானே வடிக்கிறேன்."

பைதேவ் சோற்றுக் கையோடு துள்ளி எழுந்தார். "ஐயோ ஜோனாலி! வாழை! வாழைப்பழத்தை வாசல்லயே நிறுத்திட்டு, வாழைச் சாம்பலை அடுப்படிக்குள்ள விட்டுட்டேனே! எல்லாம் எரிஞ்சு போகும், பொட்டாசியம் எரியுமா? அது அப்படியே சாம்பல்ல உக்காந்திருக்கும். ஒரு பழத்துல இருக்கறது இல்ல, ஒரு தோட்டத்துல இருக்கறதை வடிச்சு இந்த மனுஷனுக்கு ஊத்தியிருக்கு! நிறுத்துங்க, சாப்பிடாதீங்க!" என்று டிம்பேஸ்வரின் தட்டைப் பிடுங்கினார். கிடைத்துவிட்டது! மூன்று மாசமாகத் தேடிய திருடன் அலமாரியில் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்!

எங்கள் ஆரவாரத்தில் கதவுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நோமொலி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரோட அண்ணன் சொன்னது நெசந்தானா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான்தான் குடுத்தேனா?"

டங்கேஸ்வர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "சிஸ்டர், அவகிட்ட சொல்லுங்க, நான் அன்னைக்கே—"

"நீங்க பேசாதீங்க!" பைதேவ் போட்ட அதட்டலில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. பைதேவ் நோமொலியிடம் போய், எச்சில் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இங்கே பாரு. உன் குத்தம் ஒண்ணும் இல்ல. நான் தினமும் மத்தியானம் இதே காரநீர்க் கறியைத் தின்னுட்டு வந்து உனக்குப் பட்டியல் எழுதினேன். டெல்லியில அச்சடிச்ச புஸ்தகத்தைப் பார்த்து எழுதினேன். அவங்க இதைச் சாப்பிட்டதே இல்ல, அதனால அதுல இல்ல. நான் சாப்பிடறேன்! எனக்குத் தோணியிருக்கணும். அழாதே. அடுப்பைப் பத்த வை, வேலை இருக்கு."

அன்று சாயங்காலம் வரை அந்தச் சமையலறையை விட்டு நாங்கள் நகரவில்லை. எலுமிச்சம்பழம், பூண்டு, வறுத்த சீரகம், மிளகு, கடுகெண்ணெய் என்று பைதேவ் மாற்றி மாற்றிச் சமைத்து, டிம்பேஸ்வர் வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தார். நாலாவது தடவைக்கு அவர் தலையாட்டினார். "வண்டி ஓடும் பைதேவ். டாப் கியர் விழாது. ஆனா ஓடும்."

பாட்டிலைக் கையோடு கொண்டுவந்துவிட்டோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரி லேபில் கொடுத்தோம். "இது என்ன பைதேவ், அளவுக்கு மேலேன்னு மெஷின் கத்துது! தண்ணி கலந்து கலந்து பார்த்தாலும் கத்துது!" என்று லேப்காரர் ஓடி வந்தார். அந்தச் சீட்டைப் பைதேவ் டாக்டர் பர்கட்டகியின் மேஜையில் வைத்தார். அவர் சீட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எங்க வீட்லயும் இருக்கே" என்றார்.

"எல்லார் வீட்லயும் இருக்கு சார். அந்த ஃபைலை இப்படிக் குடுங்க."

நின்றபடியே அதில் என்னமோ எழுதினார். டாக்டர் படித்துவிட்டு மூடி வைத்தார். அப்புறம், "இருபத்து மூணாம் தேதி ரத்தம் பேசட்டும்" என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி காலை ரத்தம் எடுத்தவள் நான்தான். லேப் போன் அடிக்கும்வரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பைதேவ் எதிரே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. 4.7!

"நாலு புள்ளி ஏழு!" என்று நான் போட்ட கூச்சல் எத்தனை மாடிக்குக் கேட்டதோ! பைதேவ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினார், அவர் செருப்பு ஒன்று கழன்று டிரிப் ஸ்டாண்டுக்கு அடியில் போயிற்று. மறுநாள் ஆபரேஷன். நோமொலியின் சிறுநீரகம் டிம்பேஸ்வரின் உடம்புக்குள் போய், ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் விட்டது. தியேட்டரில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

நான்காம் நாள் நோமொலி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டங்கேஸ்வர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வாசலருகே நின்றார். அவள் வலியோடு கையை உயர்த்தி முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், அவரோட ஃபைல்ல பைதேவ் என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்காங்களாமே. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. நம்ம பாஷையில படிச்சுச் சொல்லுங்க."

எடுத்து வந்து படித்தேன். "'உணவுக் கட்டுப்பாடு பின்பற்றப்படவில்லை என்று நான் எழுதியது தவறு. நான் சொன்ன அத்தனையையும் நோயாளியின் மனைவி ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். குறை பட்டியலில்தான். பட்டியலை எழுதியவள் நான். நிஜரா போர்தோலோய்.'"

"இன்னொரு தடவை படிங்க சிஸ்டர்" என்றாள் நோமொலி. "சத்தமா. வாசல் வரைக்கும் கேக்கணும்."

சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்! டங்கேஸ்வர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்புறம் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"சிஸ்டர், அவளுக்கு வலிக்குதான்னு கேளுங்க."

நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முக்காட்டுக்குள் நோமொலி அழுதுகொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.